காரீயப் பெட்டியும் கல்வெட்டுத் தமிழும்

உத்திரமேரூர் வட்டத்தில் இன்று மின்கலவடுக்கு நுழையாத சிற்றூர் ஒன்றும் இல்லை. உழுவுந்தில் ஒன்று, சுமையுந்தில் ஒன்று, நெல்லறுக்கும் பொறியில் ஒன்று, ஈருருளியின் இருக்கைக்குக் கீழே சிறியதொன்று, வீட்டுத் தாழ்வாரத்தின் மூலையில், மின் தடைப்பட்டால் விளக்கையும் விசிறியையும் இயக்குதற்கென்று அமர்ந்திருக்கும் பெரியதொன்று. 2008 முதற்கொண்டு சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டு, அதிலும் 2012இல் ஊர்ப்புறங்களை நாளின் பெரும்பகுதி இருளில் கிடத்திய மின்வெட்டு, இந்தப் பெரிய பெட்டியை வீடுதோறும் குடியேற்றிற்று. பின்னர் மின்வெட்டுக் குறைந்தது. குடியேறிய பெட்டி வெளியேறவில்லை.

50, 60 கிலோ எடையுள்ள அப்பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறது? அதில் பாதிக்கு மேற்பட்ட எடை நஞ்சுடைய மாழை என்பதையும், எஞ்சியதில் ஒரு பங்கு தோலைச் சுட்டெரிக்கும் காடி என்பதையும் அதைத் துடைத்து வைக்கும் வீட்டுத் தாய் அறிவாரா? அறியார். அறியாமை அவர் குற்றமன்று. பெட்டியின்மேல் எழுத்துகள் இருக்கின்றன; எச்சரிக்கைகளும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இருக்கின்றன, சிலவற்றில் இந்தியிலும் இருக்கின்றன. தமிழ் எழுத்து ஒன்றை அதன்மேல் கண்டெடுப்பவர் பேறு பெற்றவரே.

தமிழில் எழுத முடியாத அளவுக்கு அதன் உள்ளீடு அரிய மறைபொருளா? பெட்டியைத் திறந்து பார்த்தல் நன்று.

உள்ளே ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் ஒரு மின்கலம். ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ட்டு அழுத்தம் தரும். ஆறும் தொடராக இணைந்து 12 வோல்ட்டாகின்றன. கலங்களை அடுக்கி இணைத்தலால் மின்கலவடுக்கு. மின்னை ஏற்றிவைத்து வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம் ஆதலால் சேமக்கலம். அறைதோறும் நேர்த்தகடும் எதிர்த்தகடுமாக, ஒன்றுவிட்டொன்றாகத் தகடுகள் நிற்கின்றன. நேர்த்தகட்டில் அப்பியிருப்பது உயிர்வளி மிகுதியாக ஏறிய காரீயம், அடர்பழுப்பு நிறம். எதிர்த்தகட்டில் இருப்பது கடற்பஞ்சு போல நுண்துளைகள் மிக்க வெறுங்காரீயம், சாம்பல் நிறம். இரண்டும் தொட்டுக்கொண்டால் கலம் அப்போதே கெடும் ஆதலின், நடுவே நுண்துளையுள்ள இடைத்தடுப்புகள். இவற்றையெல்லாம் மூழ்குவித்து நிற்பது நீர் கலந்த கந்தகக் காடி. கடைக்காரர் ‘ஆசிட்’ என்பது இதனையே. காடி என்பது புளித்த நீருக்குத் தமிழர் இட்ட பழம்பெயர். சோற்றுக் கஞ்சி புளித்தால் காடி என்னாத பாட்டி எந்த ஊரில் இருந்தாள்?

மின் எடுக்கும்போது நிகழ்வது இது: இரு தகடுகளும் காடியிலுள்ள கந்தகக் கூற்றைத் தம்பால் ஈர்த்துக்கொள்கின்றன. இரண்டின்மேலும் ஒரே வெண்ணிற ஈயவுப்புப் படிகிறது. காடி படிப்படியாக வலுவிழந்து நீராகிறது. மீண்டும் மின்னேற்றும்போது இவை அனைத்தும் தலைகீழாக நடக்கின்றன. உப்பு கரைந்து, தகடுகள் பழைய நிலையெய்தி, காடி வலுப்பெறுகிறது. ஆகவே காடியின் அடர்த்தியை அளந்தவர் கலத்தின் நிறைவை அளந்தவராவார். முழுதும் ஏறிய கலத்தில் காடி நீரினும் 1.25 முதல் 1.28 மடங்கு அடர்வுடையது. இறங்கிவிட்ட கலத்தில் 1.15க்கும் கீழே போகும். கண்ணாடிக் குழலுக்குள் மிதவை வைத்த எளிய கருவியொன்றால் பட்டறைத் தம்பி இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பார்த்துவிடுவான். அவனுக்கு வேதியியல் தெரியாது என்று கூறுவோர்தாம் வேதியியலை அறியாதவர்.

பிரான்சு நாட்டின் காசுட்டன் பிளாந்தே 1859இல் இரண்டு ஈயத்தகடுகளை இடையே தடுப்பிட்டுச் சுருட்டிக் காடியில் அமிழ்த்தி இக்கலத்தைக் கண்டார். அந்நாட்டவரே ஆன காமில் ஃபோர் 1881இல் ஈயத்துகளைக் களிம்பாகக் குழைத்துத் தகட்டில் அப்பும் முறையைக் கொணர்ந்தார், மின்கொள்ளளவு பெருகிற்று. 160 ஆண்டுகளுக்கு மேலாகியும் கலத்தின் அடிப்படை மாறவில்லை. மாறியதெல்லாம் தகட்டின் வடிவும் சட்டத்தின் கலவையுமே. காரீயம் நகத்தாற் கீறத்தக்க மென்மாழை. தனியே சட்டமாக நில்லாது வளையும். ஆதலின் அதனோடு சிறிது ஆண்டிமனியைக் கலந்தனர். சட்டம் உறுதி பெற்றது. ஆனால் மின்னேற்றும்போது நீர் விரைந்து பிரிந்து வளியாகப் போயிற்று. அடிக்கடி நீர் ஊற்ற வேண்டிய தொல்லை அதனால் வந்ததே. பின்னர் ஆண்டிமனியைக் குறைத்தும், அதனை நீக்கிக் கால்சியம் என்னும் சுண்ண மாழையைச் சிறிதளவு சேர்த்தும், நீர் ஊற்ற வேண்டாக் கலங்களைச் செய்தனர்.

தகட்டின் வடிவத்தில் இன்னொரு செய்தி உண்டு. ஊர்மக்களின் பணம் வீணாவது இங்கேதான். வண்டியைக் கிளப்புதற்கு ஒரு நொடிப்பொழுது பெருமின்னோட்டம் வேண்டும். அதற்கு மெல்லிய தகடுகள் பல வேண்டும். வீட்டு விளக்குக்கோ சிறு மின்னோட்டம் பல மணிநேரம் வேண்டும். அதற்குத் தடித்த தகடுகள் வேண்டும். வீட்டுக்கென்று செய்யும் நல்ல கலத்தில் நேர்த்தகடு தகடாகவே இராது. ஈயக்கோல்களைச் சுற்றி, நெய்த துணிக்குழல்களில் ஈயக்குழம்பைத் திணித்துச் செய்த குழல்வரிசையாக இருக்கும். களிம்பு உதிராமல் அத்துணி பிடித்து நிற்கிறது. நெசவால் பெயர்பெற்ற காஞ்சி மாவட்டத்தார், தம் வீட்டுப் பெட்டிக்குள்ளும் ஒரு நெசவு இருப்பதை அறிந்தால் மகிழ்வர் அல்லரோ! இவ்வேறுபாடு அறியாமல், விலை குறைவென்று பழைய சுமையுந்தின் கலத்தை வாங்கி வீட்டில் வைப்பவர், அடிவரை மின்னை இறக்கி இறக்கிச் சில திங்களிலேயே அதனைச் சாகடிக்கின்றனர்; பிறகு கடைக்காரரை வைகின்றனர்.

உழவர்க்கு வேறொரு கேடு. நடவுக்கும் அறுவடைக்கும் இடையே உழுவுந்து பல கிழமைகள் கொட்டகையில் கிடக்கிறது. மின் இறங்கிய கலத்தை அவ்வாறே கிடக்கவிட்டால் தகட்டின் மேலுள்ள ஈயவுப்பு பருமணிகளாக இறுகிவிடும். பின்னர் எத்துணை மின்னேற்றினும் கரையாது. நீர் குறைந்தபோது ஏரிநீரையோ ஆழ்கிணற்று நீரையோ ஊற்றுதலும் தவறே. அந்நீரிலுள்ள இரும்பும் உப்புகளும் தகட்டை அரிக்கும். காய்ச்சி வடித்த நீரே ஊற்றத் தக்கது. மின்னேறும்போது வெளிவரும் நீரகவளி காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே தீப்பற்றி வெடிக்கும். ஆகவே காற்றோட்டம் இல்லாத அறையில் பெட்டியை அடைத்தலும், அதனருகே சுருட்டுப் பற்றவைத்தலும் ஆகா. காடியைக் கலப்பவர், நீரிலேதான் காடியைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். காடியில் நீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். இவை அனைத்தையும் ஒரு தாளில் எளிய தமிழில் அச்சிட்டுப் பெட்டியோடு கொடுக்க எத்துணைச் செலவாகும்? பெட்டியின் விலையோ பல்லாயிரம் உருபா.

‘தமிழில் இவற்றுக்குச் சொல் ஏது?’ என்று வினவுவோர் இன்றும் உளர். அவர்கள் கல்லூரியை விட்டுப் பட்டறைக்குச் செல்லல் வேண்டும். ‘சார்ஜ்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பட்டறைக்காரர் கூறுவது உண்மையே. ஆனால் அச்சொல்லை அவர் எவ்வினையோடு முடிக்கிறார்? ‘ஏறவில்லை’ என்கிறார், ‘இறங்கிவிட்டது’ என்கிறார், ‘நிற்கவில்லை’ என்கிறார். ஏற்றம், இறக்கம் என்னும் கருத்து அவருக்குத் தமிழில்தான் இருக்கிறது. மேலே ஓர் ஆங்கிலச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மின்னேற்றம், மின்னிறக்கம் என்னும் சொற்களை அறிஞர் ஆக்கியதாகக் கூறுவது அரை உண்மை. பட்டறையின் வாயிலிருந்தே அவை எடுக்கப்பெற்றன எனலாம். பள்ளிப் பாடநூலில் மின்வாயும் மின்பகுளியும் துணை மின்கலமும் பல்லாண்டுகளாக இருக்கின்றன. உத்திரமேரூர் அரசுப் பள்ளியில் தமிழ்வழிப் பயிலும் மாணவன் அவற்றை எழுதி மதிப்பெண் பெறுகிறான். தேர்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்ததும் அச்சொற்களை அவனுக்குக் காட்டும் பொருள் ஒன்றும் இல்லை. வீட்டு மூலையில் இருப்பது அதே துணை மின்கலம் என்பதை அவனுக்கு உணர்த்த அப்பெட்டியில் ஓர் எழுத்தும் இல்லை.

சொற்செறிவு எத்துணைப் பயனுடையது என்பதற்கு ஈயமே எடுத்துக்காட்டு. தமிழர் ஈயத்தை இரண்டாகப் பகுத்துக் காரீயம், வெள்ளீயம் எனப் பெயரிட்டனர். நிறத்தால் இட்ட பெயரே எனினும் அது உயிர்காக்கும் பெயர். பித்தளை ஏனத்தின் உட்புறம் பூசியதும், சாறு வைக்கும் ஈயச்சொம்பு செய்ததும் வெள்ளீயத்தால். காரீயமோ நஞ்சு, சமையலறைக்குள் அது வரலாகாது. இன்று இரண்டும் ‘ஈயம்’ என்று ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டன. விற்பவன் காரீயம் கலந்த சொம்பைக் கொடுத்தாலும் வாங்குபவர்க்குக் கேட்கத் தெரியவில்லை. ‘இது வெள்ளீயமா, காரீயமா?’ என்று கேட்கும் நாக்கு ஒரு தலைமுறைக்கு முன் இருந்தது. சேமக்கலத்தின் மேலும் ‘காரீயம்’ என்னும் ஒரே சொல் தமிழில் இருக்குமாயின், அதன் உள்ளீட்டை விளக்கப் பாதி வேலை முடிந்துவிடும்.

காரீயத்தின் கொடுமை சிறிதன்று. அதன் புகையும் துகளும் மூச்சு வழியும் வாய் வழியும் உடலுட் புகுந்து, குருதியிற் கலந்து, எலும்பிலும் பல்லிலும் தங்கிவிடுகின்றன. குழந்தைகள் விழுங்கும் காரீயத்தை அவர்தம் உடல் பெரியவர்களுடையதைப்போல் நான்கைந்து மடங்கு உறிஞ்சுகிறது. மூளை வளர்ச்சி குன்றுகிறது. அக்குறை திரும்பி வாராது. கேடில்லாத அளவென்று ஓரளவும் காரீயத்துக்கு இல்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் முடிவு. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவர், ஏறத்தாழ 80 கோடிப் பேர், குருதியில் கவலைக்குரிய அளவுக்குக் காரீயம் உடையவர் என்று 2020இல் ஒன்றிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. அவர்களுள் பெருந்தொகையினர் இந்தியாவில் உள்ளனர். உலகில் பயன்படும் காரீயத்தில் 100க்கு 85 பங்கு சேமக்கலங்களுக்கே போகிறது என்பதும், பழைய கலங்களை முறையின்றி உடைத்து உருக்குதலே இந்நஞ்சின் முதன்மை வழிகளுள் ஒன்று என்பதும் அவ்வறிக்கையின் செய்திகள்.

உருக்குதல் எளிதாயிருப்பதே இங்குத் தீமையாகிறது. காரீயம் 327 பாகை செல்சியசு வெப்பத்திலேயே உருகும். விறகடுப்பின் தீயே போதும். பழைய கலத்தைக் கோடரியால் பிளந்து, காடியை மண்ணில் ஊற்றி, தகட்டை இரும்புச் சட்டியில் உருக்கிக் கட்டியாக்கி விற்கும் கூடாரங்கள் இந்நாட்டின் பல பகுதிகளில் உள்ளன. முறையான ஆலையில் இதே கலத்தின் காரீயம் ஏறத்தாழ முழுவதும் மீட்கப்பெற்று மீண்டும் கலமாகிறது. மாழைகளுள் இத்துணை முழுமையாக மறுபிறப்பெடுப்பது அரிது. ஒரே பொருள், செல்லும் வழியைப் பொறுத்துச் செல்வமாகவும் நஞ்சாகவும் ஆகிறது. எவ்வழியில் அனுப்புவது என்பதை முடிவு செய்பவர் யார்? பழைய கலத்தை எடைக்குப் போடும் ஊர்க்குடியானவர். அவரிடம் இதை எவரேனும் அவர் மொழியில் கூறினரா?

சட்டம் கூறியிருக்கிறது, ஆனால் அவர் மொழியில் அன்று. 2001இல் மின்கலவடுக்குகளைக் கையாள்வதற்கு நடுவண் அரசு விதிகள் வகுத்தது. அவற்றுக்கு மாற்றாக 2022 ஆகத்தில் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. நுகர்வோர் பழைய கலத்தை வீட்டுக் குப்பையோடு சேர்க்கலாகாது என்றும், திரட்டுவோரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைத்தல் வேண்டும் என்றும் அவை கடமை விதிக்கின்றன. கடமை விதிக்கப்பட்டவர் உத்திரமேரூரில் இருக்கிறார்; விதி அச்சான அரசிதழோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. காரீயம் உள்ள கலத்தில் அதற்கு அடையாளம் பொறிக்க வேண்டும் என்றும் விதி உண்டு. அவ்வடையாளம் யாது? இலத்தீன மொழியில் காரீயத்துக்குள்ள பெயரைச் சுருக்கிய இரண்டு ஐரோப்பிய எழுத்துகளும், குறுக்குக்கோடிட்ட ஒரு குப்பைத் தொட்டிப் படமும்! இலத்தீனம் கற்ற குடியானவர் எவரேனும் இருப்பின் அவர் தப்பிப் பிழைப்பார்.

பொதிந்த பொருள்கள் பற்றிய 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளும் இவ்வாறே. பொதியின்மேல் கூறவேண்டியவற்றை இந்தியிலேனும் ஆங்கிலத்திலேனும் கூறல் வேண்டும். பிறமொழியைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை. ‘தடையில்லை’ என்பதே தமிழுக்குக் கிடைத்த இடம்! தமிழ்நாட்டில் கடையின் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மை பெறுதல் வேண்டும் என விதி உண்டு. அப்பலகையில் ‘பேட்டரி’ என்று தமிழெழுத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதி அதை நிறைவேற்றிவிடுகின்றனர். பலகையை விட்டு உள்ளே சென்றால் அவ்வெழுத்தும் இல்லை.

இவையனைத்தும் நிகழ்வது எந்த ஊரில்? முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது 919, 921ஆம் ஆண்டுகளில், ஊராள்வோரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவைக்களச் சுவரிலேயே வெட்டிவைத்த ஊரில். யார் நிற்கலாம், எவ்வயதினர் நிற்கலாம், கணக்குக் காட்டாதவர் ஏன் நிற்கலாகாது என்பவை அங்குக் கல்லில் உள்ளன. அவ்வவை மறையோதிய பார்ப்பனர்க்குரிய அவை. எல்லார்க்கும் அதில் இடமில்லை. கல்லிலுள்ள தமிழும் வடசொல்லும் கிரந்த எழுத்தும் விரவிய தமிழே. இவற்றை மறைத்துப் பெருமை பேசுதல் தமிழ்ப்பற்று ஆகாது. எனினும், ஊரைக் கட்டுப்படுத்தும் விதி ஊர்மொழியில், ஊர் நடுவில், எவரும் காணுமாறு இருக்க வேண்டும் என்னும் தெளிவு 1100 ஆண்டுகளுக்கு முன் அங்கு இருந்தது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் வைத்த ஊர் அது. பொன்னின் மாற்றைக் காண ஆள் வைத்த ஊரில், காரீயம் எங்கே போகிறது என்று காண இன்று ஓர் ஆள் இல்லை.

தமிழன்பர்கள் பக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை. ஒரே பொருளுக்கு ஐந்தாறு சொற்களை ஆக்கி, எது சிறந்தது என்று தாள்தோறும் பூசலிடுவதில் பல்லாண்டுகள் கழிந்தன. மின்கலவடுக்கா, மின்னடுக்கா, சேமக்கலமா என்பதில் சினங்கொண்டு எழுதியவர், அச்சொற்களுள் ஒன்றையேனும் ஒரு பட்டறைச் சுவரில் எழுதச் செய்தாரா? சொல்லாக்கப் பட்டியல் நூலகத்தில் உறங்க, ஆசிட்டும் பிளேட்டும் பட்டறையில் விழித்திருக்கின்றன. பட்டறைத் தொழிலாளி பயன்படுத்தாத சொல், எத்துணைத் தூய்மையுடையதாயினும், இன்னும் பிறவாத சொல்லே.

காலம் தாழ்த்தவும் இனி இயலாது. ஏனெனில் பெட்டியே மாறி வருகிறது. காரீயக் கலத்தை ஊர்ப்பட்டறைக்காரர் பார்த்தும் அளந்தும் ஓரளவு அறிந்துகொண்டார். இப்போது மின்னீருருளிகளில் வருவது இலித்தியக் கலம். மாழைகளுள் மிக இலேசான இலித்தியத்தின் மின்னூட்டமுற்ற அணுக்கள் (அயனிகள்), செப்புத்தாளில் பூசிய எழுதுகரிக்கும், அலுமினியத்தாளில் பூசிய நேர்மின்வாய்ப் பொருளுக்கும் இடையே ஊசல் போல் ஆடுவதே அதன் இயக்கம். அந்நேர்மின்வாயில் சில கலங்களில் நிக்கலும் கோபால்ட்டும் உண்டு. சிலவற்றில் இரும்பும் எரியமும் சேர்ந்த கூட்டுப்பொருள் உண்டு. முன்னது ஒரு கலத்துக்கு ஏறத்தாழ 3.6 வோல்ட்டும், பின்னது 3.2 வோல்ட்டும் தரும். பின்னது வெப்பத்தை மிகுதியாகத் தாங்கும். உள்ளிருக்கும் மின்பகுளி நீரன்று, தீப்பற்றும் கரிமநீர்மம். அடர்த்தி பார்க்கத் துளையில்லை. நீர் ஊற்ற மூடியில்லை. ஏற்றமும் இறக்கமும் உள்ளேயுள்ள மின்னணுச் சுற்றின் காவலில் நடக்கின்றன. பொருந்தா மின்னேற்றியைப் பூட்டினாலோ, இடிபட்ட கலத்தைத் தொடர்ந்து ஏற்றினாலோ தீ எழும். பட்டறைக்காரரின் கண்ணும் கையும் எட்டாத இப்பெட்டியில், எழுத்து ஒன்றே அவருக்கு வழிகாட்டி. அவ்வெழுத்தும் அவருடையதன்று எனின்?

இவ்வறிவு தமிழ்நாட்டுக்கு வெளியே மட்டும் இருப்பதன்று. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலக்கம் உருபாவும் ஈந்ததால் காரைக்குடியில் எழுந்த நடுவண் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 சனவரி 14இல் திறக்கப்பெற்றது. அது தமிழர் திருநாளை ஒட்டிய நாள் என்பதும் நினைக்கத் தக்கது. மின்கலம் பற்றிய ஆய்வில் எழுபதாண்டுகளுக்கும் மேற்பட்ட பட்டறிவு அங்கு உண்டு. இலித்தியக் கல நுட்பத்தை உள்நாட்டிலேயே உருவாக்கி, 2018 சூனில் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு உற்பத்திக்கென அளிக்க ஒப்பந்தம் செய்ததும் அந்நிறுவனமே. செட்டிநாட்டு மண்ணில் பிறந்த அறிவு செட்டிநாட்டு உழவனுக்கு விளங்கும் மொழியில் ஒரு சிறு கையேடாக வருதல் அரிதா? அங்குள்ள ஆய்வாளர்களுள் தமிழர் பலர். அவர்கள் உரைத்தால் சொற்பூசலும் அடங்கும்.

மாநில அரசின் கையில் ஒரு வழி உண்டு. அதற்கு நடுவண் அரசைக் கெஞ்ச வேண்டுவதில்லை. தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பேருந்துகள் ஏறத்தாழ 20,000. ஒவ்வொன்றிலும் சேமக்கலம் உண்டு; சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றியாக வேண்டும். இத்துணைப் பெரிய கொள்வோன், ‘உள்ளீடும் எச்சரிக்கையும் பழையதை ஒப்படைக்கும் முறையும் தமிழில் பொறித்த கலமே ஏற்கப்படும்’ என்று ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தால், எந்த ஆலை மறுக்கும்? பேருந்துக்கெனத் தமிழில் அச்சிட்டவர் உழுவுந்துக்கும் வீட்டுக்கும் அதையே அச்சிடுவர், அச்சுக்கட்டை ஒன்றே. கடந்த அறிவிப்புகளில் அவ்வரி இருந்ததா, இல்லையெனில் ஏன் இல்லை என்று எந்தக் குடிமகனும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 உருபா கட்டி வினவலாம். வினாவைத் தமிழிலேயே எழுத அச்சட்டம் இடந்தருகிறது.